நீங்கள் குடிக்காத பீரை விருந்தினருக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இதுதான்: வீட்டுக்குப் பத்துப் பேர் விருந்துக்கு வருகிறார்கள். அதில் ஆறேழு பேர் பீர் குடிப்பவர்கள். அழைத்தவர் இதுவரை ஒரு வாய்கூடக் குடித்ததில்லை, இனியும் குடிக்கப் போவதில்லை. ஆனால் வருகிறவர்களுக்கு நல்லதாக ஏதாவது வைக்க வேண்டும் என்று ஆசை. கடைக்குப் போய் அலமாரி முன்னால் நின்றவர், நூறு பாட்டில்களில் எதை எடுப்பதென்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டார். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, வாங்கி வந்த பிறகு என்ன செய்வது?

நான் ஒன்பது வருடம் ஒரு பீர் பாரில் பரிமாறியவன். அதில் கடைசி நான்கு வருடம், மருத்துவர் சொன்னதற்காக ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் வேலை பார்த்தேன். அந்த நான்கு வருடங்களில்தான் நான் நன்றாகப் பரிமாறினேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்குப் பிடித்ததையே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தேன். நிறுத்திய பிறகு பாட்டிலை உற்றுப் பார்க்கவும், எதிரில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவும் கற்றுக்கொண்டேன். ஆகவே, "ருசி தெரியாத நான் எப்படி வாங்குவது?" என்ற தயக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். ஆலையை விட்டு வெளியே வரும்போது பீர் ஏற்கெனவே முழுதாகத் தயாராகிவிட்டது. உங்கள் கைக்கு வந்தபின் அதை மேலும் நல்லதாக்க முடியாது. கெடாமல் காப்பாற்றத்தான் முடியும். அதைக் கெடுக்கும் விஷயங்கள் நான்கு: வயது, வெளிச்சம், சூடு, அழுக்குக் கிளாஸ். இந்த நான்கையும் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டுமே தெரிந்துகொள்ளலாம், நாக்கு வேண்டாம். விலை உயர்ந்த பாட்டிலை வாங்கி வெயிலில் வைத்தவரைவிட, சாதாரண பாட்டிலைப் பக்குவமாக வைத்துக் கொடுத்தவர் வீட்டில்தான் விருந்தினர் இரண்டாவது கிளாஸ் கேட்பார்கள்.

முதல் வேலை, வருகிறவர்களிடம் கேட்பது. ஆனால் "உங்களுக்கு என்ன பீர் வேண்டும்?" என்று கேட்காதீர்கள். உங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று "எதுவானாலும் சரி" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "கடைசியாகக் குடித்ததில் எது பிடித்திருந்தது?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வரும். பெயர் நினைவில்லை என்றால், "கசப்பு பிடிக்குமா, லேசாக இருக்க வேண்டுமா?" என்று கேட்டால் போதும். இரண்டு மூன்று பேரிடம் இப்படிப் பேசினாலே பாதிப் பட்டியல் தயார். சங்கடமாக இருந்தால், அந்தக் கூட்டத்தோடு அடிக்கடி சேர்ந்து உட்காருகிற ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். யார் எதைக் குடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அப்படியே யார் குடிக்கவே மாட்டார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், அது பின்னால் உதவும்.

கேட்க வழியே இல்லை என்றால் வெளிர்மஞ்சள் லாகர் வாங்குங்கள். ஏன் அது என்று தெரிந்துகொண்டால் கடையில் நிற்கும்போது தைரியம் வரும். பீரில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஏல் வகையின் ஈஸ்ட் சற்று வெதுவெதுப்பில், ஏறக்குறைய 15 முதல் 24 டிகிரியில் புளிக்கவைக்கும். அந்தச் சூட்டில் பழம், மசாலா போன்ற வாசனைகளையும் சேர்த்து உண்டாக்கும். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரி குளிரில் மெதுவாக வேலை செய்யும், அப்புறம் இன்னும் குளிரில் வாரக்கணக்கில் கிடக்கும். லாகர் என்ற பெயரே சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் குளிரில் கூடுதல் வாசனைகள் உருவாவதில்லை. எனவே ருசி சுத்தமாக, நேராக இருக்கும். 1842-இல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பில்சன் நகரத்தில், ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த யோசஃப் க்ரோல் என்ற ஆலைக்காரர் வெளிர் மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) லாகர் ஈஸ்ட்டையும் சேர்த்துத் தெளிந்த பொன்னிற பீர் ஒன்றைக் காய்ச்சினார். இன்று உலகில் அதிகம் குடிக்கப்படும் பீர்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்தான். பீர் குடிக்கிற எவரும் அந்த ருசியை ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். அது சிலருக்கு அலுப்பாகத் தோன்றலாம், ஆனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பில்ஸ்னர் என்று லேபிளில் எழுதியிருந்தால் அதே குடும்பத்தில் கசப்பு கொஞ்சம் கூடியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு இதுவாக இருக்கட்டும். மீதியில் இன்னும் ஒரே ஒரு வகை சேருங்கள். இரண்டுக்கு மேல் போனால் மேசை கடை மாதிரி ஆகிவிடும், எதை எடுப்பதென்று அவர்களும் உங்களைப் போலத் திகைத்து நிற்பார்கள். இரண்டாவதாக என் தேர்வு கோதுமை பீர். கசப்பு குறைவு, மென்மை அதிகம். "எனக்கு பீர் அவ்வளவாகப் பிடிக்காது" என்று சொல்லும் சிலர்கூட இதை விரும்பிக் குடித்து நான் பார்த்திருக்கிறேன். ஜெர்மன் வகையில் கிராம்பும் வாழைப்பழமும் கலந்த வாசனை வரும். கிராம்பையோ பழத்தையோ போட்டு வந்த வாசனை அல்ல அது, ஈஸ்ட்டே உண்டாக்குவது. பெல்ஜிய வகையில் கொத்தமல்லி விதையையும் ஆரஞ்சுத் தோலையும் உண்மையாகவே சேர்ப்பார்கள். அந்தப் பாணி அழிந்துபோயிருந்தபோது, 1966-இல் ஹூகார்டன் என்ற ஊரில் பியர் செலிஸ் என்பவர் அதை மறுபடி காய்ச்சத் தொடங்கினார். இந்த இரண்டு வகையும் இயல்பாகவே கலங்கலாக இருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கொட்டிவிடாதீர்கள்.

வருகிறவர்களில் யாராவது பீரைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறவராக இருந்தால் மட்டும் ஐபிஏவோ, ஸ்டவுட் என்ற கறுப்பு ஏலோ இரண்டு மூன்று பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். ஐபிஏ என்பது ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களை நிறையச் சேர்த்த ஏல். வாசனை அபாரமாக இருக்கும், ஆனால் பல வகைகளில் கசப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தவர்களுக்கு உயிர், பழக்கமில்லாதவர்கள் அரைக் கிளாஸோடு வைத்துவிடுவார்கள். எல்லோருக்கும் பொதுவாக அதை வாங்குவது சரியல்ல.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த நினைக்கும் விஷயம். குடிக்காதவர்களில் பலரும், குடிப்பவர்களிலேயே பாதிப் பேரும், கறுப்பாக இருந்தால் வீரியம் அதிகம் என்று நினைக்கிறார்கள். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. நிறம் மால்ட்டையோ பார்லியையோ எவ்வளவு வறுத்தார்கள் என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். காப்பிக்கொட்டை வறுபடும்போது கறுப்பதைப் போல. கின்னஸ் டிராஃப்ட் என்ற ஐரிஷ் ஸ்டவுட் கன்னங்கரேலென்று இருக்கும்; அதில் ஆல்கஹால் 4.2 சதவீத அளவுதான். பெல்ஜியத்தின் டுவெல் வைக்கோல் நிறத்தில் அப்பாவியாக இருக்கும், அதில் 8.5 சதவீதம். நிறத்தைப் பார்த்து நம்பிக் குடித்தவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போதுதான் உணர்வார். இன்னொன்று, ஒரே பெயரில் வெவ்வேறு வீரியம் வரும். கின்னஸ் பெயரிலேயே ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் என்ற வகையில் 7.5 சதவீதம் வரை இருக்கிறது. ஆகவே பெயரையும் நிறத்தையும் விட்டுவிட்டு, லேபிளில் ஏபிவி என்றோ ஆல்கஹால் சதவீதம் என்றோ சிறிய எழுத்தில் இருக்கும் எண்ணைத் தேடுங்கள். நான்கிலிருந்து ஐந்துக்குள் இருந்தால் விருந்துக்கு ஏற்றது. ஸ்ட்ராங் என்று பெரிதாகப் போட்டிருப்பவை, எட்டும் அதற்கு மேலும் உள்ளவை, தெரிந்து கேட்பவருக்கு மட்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று புரியும். 330 மி.லி. பாட்டில், 5 சதவீதம் என்றால் அதில் ஏறக்குறைய 13 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 500 மி.லி. கேன், 8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 32 கிராம். கையில் இருப்பது ஒரே ஒரு கேன், உடம்புக்குள் போவது இரண்டரை பாட்டில். "இரண்டுதானே குடித்தேன்" என்று சொல்பவர் உண்மையில் ஐந்து குடித்திருப்பார். குடிக்காத நீங்கள்தான் அந்த அறையில் இந்தக் கணக்கை நிதானமாகப் போடக்கூடியவர். அதனால் வாங்கும்போதே அவர்களுக்காக இதைப் போட்டுவிடுங்கள்.

லேபிளில் மற்றபடி பார்க்க வேண்டியது குறைவு. பிரீமியம் என்ற சொல்லுக்கு ஒரு பொருளும் இல்லை. தங்கப் பதக்கப் படங்கள் எந்த வருடத்தில், எதற்காக வாங்கியவை என்று தெரியாதவரை அலங்காரம்தான். சில ஜெர்மன் பாட்டில்களில் 1516 என்ற எண் இருக்கும். அந்த வருடம் பவேரியாவில், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று விதி போட்டார்கள். ஈஸ்ட் என்ன செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாததால் அந்த விதியில் அதன் பெயரே இல்லை. நல்ல வரலாறு, ஆனால் உங்கள் விருந்தினருக்குப் பிடிக்குமா என்பதை அந்த எண் சொல்லாது.

பார்க்க வேண்டியது தேதி. சிலர் ஆலையில் அடைத்த தேதியைப் போடுவார்கள், சிலர் எதுவரை நன்றாக இருக்கும் என்பதைப் போடுவார்கள். இரண்டில் எது என்று கவனித்துப் படியுங்கள். பீர் ஒயின் மாதிரி வைத்திருந்தால் மெருகேறும் பொருள் அல்ல. வீரியம் கூடிய சில ஏல்களும் புளிப்பு வகைகளும் விதிவிலக்கு. மற்றபடி, புதிதாக இருப்பதே நல்லது. நாளாக ஆக உள்ளே இருக்கும் துளி ஆக்சிஜன் வேலை செய்து, ஈர அட்டைப்பெட்டி போன்ற ஒரு வாடை ஏறும். ஹாப்ஸ் வாசனைக்காகவே வாங்கும் ஐபிஏவில் மூன்று மாதத்திலேயே அந்த வாசனை மங்கத் தொடங்கும். அலமாரியின் முன்வரிசையில் தூசி படிந்து நிற்பதை விட்டுவிட்டு, அதிகம் விற்கும் வகையில் அண்மைய தேதியுள்ளதை எடுங்கள். தள்ளுபடி என்று ஒரு பெட்டி தனியாகக் கிடந்தால் முதலில் தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். இதை நான் அடிபட்டுக் கற்றேன். பாரில் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு, என் வீட்டில் நான் நடத்திய முதல் விருந்துக்குப் பச்சைப் பாட்டிலில் அழகாக இருந்த ஒரு லாகரைப் பெட்டியோடு வாங்கி வந்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று பாட்டில்களை எடுத்து ஜன்னல் திட்டில் வரிசையாக அடுக்கினேன். மதியம் முழுக்க வெயில் அடித்தது. மாலையில் ஐஸில் போட்டுக் குளிரவைத்துக் கொடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மேசையில் அத்தனை கிளாஸும் பாதியாகவே நின்றன. கடைசியில் ஒரு நண்பர் மட்டும் மெதுவாக, "வாடை அடிக்குதுடா" என்றார்.

அது கெட்டுப்போன சரக்கு அல்ல, கெடுத்தது நான். ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டால் அது உடைந்து, பீரில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து ஒரு புதிய பொருளாகிறது. வட அமெரிக்காவில் ஸ்கங்க் என்றொரு விலங்கு, எதிரியைத் துரத்த நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும். அந்த நாற்றத்தின் நெருங்கிய உறவு இது. லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். நேர் வெயிலில் இதற்குச் சில நிமிடங்களே போதும். பழுப்புக் கண்ணாடி இந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும். பச்சையும் நிறமற்ற கண்ணாடியும் அவ்வளவாகத் தடுக்காது. கேனுக்குள் வெளிச்சம் புகவே புகாது. அதனால் ருசி தெரியாத ஒருவருக்கு நான் சொல்லும் எளிய விதி: கேன், அது இல்லையென்றால் பழுப்புப் பாட்டில். கேன் மலிவான சரக்கு, உலோக வாடை வரும் என்பதெல்லாம் பழைய எண்ணம். உள்பக்கம் பூச்சு இருப்பதால் பீர் உலோகத்தைத் தொடுவதேயில்லை. கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால் முடிந்தது.

வாங்கி வந்ததை இருட்டான, குளிர்ந்த இடத்தில் நிற்கவையுங்கள், படுக்கவைக்க வேண்டாம். காரின் பின்பெட்டியில் மதியம் முழுக்க மறந்து விடாதீர்கள். சூடு, மாதங்களில் நடக்க வேண்டிய முதுமையை நாட்களுக்குள் கொண்டுவந்துவிடும். ஆனால் கடையில் ஃப்ரிட்ஜில் இருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, அறையில் வைத்து, மறுபடி குளிரவைத்தால் பாழாகிவிடும் என்று சொல்வார்கள். அது உண்மையில்லை. அறை அளவாகக் குளிர்ச்சியாக இருந்தால் ஒருமுறை ஏறி இறங்குவதால் ஒன்றும் ஆகாது.

குளிரவைக்க, முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது சுலபம். இடம் போதவில்லை என்றால் அகலமான பாத்திரத்தில் ஐஸும் தண்ணீரும் சரிபாதியாகப் போட்டு, ஒரு கை உப்பும் சேர்த்து, பாட்டில்களை அதில் முக்கிவையுங்கள். இருபது நிமிடத்தில் தயார். வெறும் ஐஸை மட்டும் கொட்டினால் இடையில் காற்று நின்று நேரம் இழுக்கும், தண்ணீர்தான் பாட்டிலைச் சுற்றி அணைத்துச் சூட்டை உறிஞ்சும். அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்தால் கட்டாயம் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பீர் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழேயே உறைந்துவிடும், உறைந்தால் விரிந்து பாட்டில் வெடிக்கும். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி சரியாக இருக்கும், அதாவது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே கொடுக்கலாம். ஸ்டவுட், கனமான ஏல் எல்லாம் எடுத்து இருபது நிமிடம் வெளியே இருக்கட்டும். அதிகக் குளிரில் நாக்கு மரத்துப்போய், அவற்றில் காசு கொடுத்து வாங்கிய வாசனையே தெரியாமல் போகும்.

கிளாஸ் பற்றி ஒரு பீர் பார்க்காரன் சொல்வதை நம்புங்கள்: சமையலறையில் மற்ற பாத்திரங்களோடு எண்ணெய்க் கையால் கழுவிய கிளாஸ்தான் நல்ல பீரை அதிகம் கெடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமும் சோப்பு மிச்சமும் நுரையைக் கொன்றுவிடும். கிளாஸ்களைத் தனியாக, புதுப் பஞ்சால் கழுவி, நிறையத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவையுங்கள். சோதிக்கவும் வழி உண்டு. ஊற்றிய பிறகு கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் அங்கே அழுக்கு இருக்கிறது. சுத்தமான கிளாஸில் குமிழ்கள் மேலே ஓடும், குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் படியும். வகைக்கு ஒரு வடிவக் கிளாஸ் என்றெல்லாம் தேட வேண்டாம், வாய் சற்று அகன்று, ஒரு பாட்டில் கொள்ளும் எந்தக் கண்ணாடிக் கிளாஸும் போதும். ஃப்ரீசரில் வைத்து உறைபனி பூத்த கிளாஸ் பார்க்க அழகு, ஆனால் அந்தப் பனி பீரில் கரைந்து நீர்க்கச் செய்யும்.

ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, பக்கச் சுவரில் வழியவிட்டு, பாதிக்கு மேல் வந்ததும் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் அளவு நுரை நிற்க வேண்டும். நுரை வந்துவிட்டதே என்று மன்னிப்புக் கேட்காதீர்கள். வாசனையை மேலே கொண்டுவருவதே அந்த நுரைதான். கோதுமை பீரில் கடைசி இரண்டு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டு, மெதுவாகச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலக்கி மேலே ஊற்றுவது வழக்கம். மற்ற சில பெல்ஜிய ஏல்களிலும் அடியில் வண்டல் இருக்கும். அதுவும் ஈஸ்ட்தான். அதைக் கலக்காமல் விட்டுவிடலாம், வேண்டும் என்பவருக்குத் தனியாகக் கொடுக்கலாம். கின்னஸ் டிராஃப்ட் கேனை எடுத்தால் உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்கும். நைட்ரஜனை விடுவித்து அந்தக் கிரீம் போன்ற நுரையை உண்டாக்கும் சின்னப் பிளாஸ்டிக் உருண்டை அது. நன்றாகக் குளிரவைத்துத் திறந்து, உடனே கிளாஸில் ஊற்றிவிட வேண்டும்.

அப்புறம், ஓப்பனர்! குடிக்காதவர் வீட்டில் அது இருக்கவே இருக்காது. விருந்தினர் சாவியாலும் மேசை விளிம்பாலும் பல்லாலும் திறக்க முயல்வதற்கு முன் இரண்டு வாங்கி வையுங்கள். கார்க்கும் கம்பியும் கட்டிய பெரிய பாட்டில் ஏதாவது வாங்கியிருந்தால், கம்பியை அவிழ்க்கும்போது முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

மேசையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பத்துப் பேரில் மூன்று நான்கு பேர் குடிக்காதவர்கள், உங்களைப் போல. அவர்கள் கையில் வெறும் தண்ணீர் கிளாஸைக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிடாதீர்கள். ஆல்கஹால் இல்லாத பீர் இப்போது நன்றாகவே வருகிறது, முன்புபோல வேகவைத்த மாவு ருசி அடிப்பதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆல்கஹால் இல்லாதது என்ற பெயரில் 0.5 சதவீதம் வரை அனுமதிக்கும் நாடுகள் பல. நம்பிக்கைக்காகவோ மருந்துக்காகவோ கர்ப்பத்துக்காகவோ அறவே தவிர்ப்பவர்களுக்கு 0.0 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். குடியை விட்டு மீண்டுகொண்டிருப்பவர் யாராவது வருகிறார் என்றால் அதைக்கூட அவர் முன்னால் நீட்ட வேண்டாம். அந்த வாசனையும் ருசியுமே சிலரைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். அவருக்கு முற்றிலும் வேறான, பார்த்துப் பார்த்துச் செய்த ஒரு பானம் வையுங்கள். நான் வேலை செய்த பாரில் அப்படி ஒருவர் நண்பர்களுக்காக வந்து உட்காருவார். அவருக்கென்று எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்து ஒன்று செய்து வைப்பேன். கேட்காமலே கொண்டுபோய் வைத்தால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வாமையையும் கேட்டுவிடுங்கள். பார்லியிலும் கோதுமையிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு. குளூட்டன் ஆகாதவர்களுக்குச் சோளம், அரிசி, தினை வகைத் தானியங்களில் காய்ச்சிய பீர்கள் தனியாக வருகின்றன. மில்க் ஸ்டவுட் என்ற வகையில் உண்மையாகவே பால் சர்க்கரை சேர்க்கிறார்கள். தெளிவுக்காக மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்தும் ஆலைகளும் உண்டு. கண்டிப்பான சைவர்கள் வருகிறார்கள் என்றால் வீகன் என்று குறித்ததைத் தேடினால் நிம்மதி.

சாப்பாட்டோடு சேர்ப்பது பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். காரமான உணவென்றால் கசப்பும் வீரியமும் அதை இன்னும் எரியவைக்கும், அன்றைக்கு லாகரும் கோதுமை பீரும் போதும். பொரித்ததும் உப்பானதும் எதனோடும் சேரும். சாப்பாடு பீருக்கு முன்னாலோ கூடவோ வர வேண்டும் என்பது மட்டும் முக்கியம். வெறும் வயிற்றில் போனால் ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் ஏறும்.

எவ்வளவு வாங்குவது? குடிப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். மூன்று மணி நேர விருந்துக்கு ஒருவருக்கு 330 மி.லி. அளவில் மூன்று என்று நான் கணக்கு வைப்பேன். ஏழு பேருக்கு இருபத்தொன்று, கையிருப்பாக மூன்று சேர்த்து ஒரு பெட்டி, அதாவது இருபத்துநான்கு. பதினாறு லாகர், எட்டு கோதுமை பீர். 500 மி.லி. கேன் என்றால் பதினாறு போதும். தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது, அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஓடிப்போய் இன்னொரு பெட்டி வாங்கி வர வேண்டாம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் இருக்கும்படி ஜாடிகளை நிரப்பி வையுங்கள். யார் கிளாஸையும் கேட்காமல் நிரப்பாதீர்கள். அவர் எத்தனை குடித்தார் என்ற கணக்கு அவருக்கே தவறிவிடும்.

வண்டி ஓட்டப் போகிறவர் யார் என்பதை முதல் பாட்டில் திறப்பதற்கு முன்பே கேளுங்கள், பிறகு கேட்டால் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார்கள். ஒரு சாதாரண பாட்டிலைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். காப்பி, குளியல், நடை எதுவும் அதை வேகப்படுத்தாது. குடித்தவர்களுக்கு வாடகை வண்டியோ, இரவு தங்க ஒரு பாயோ ஏற்பாடு செய்துவையுங்கள். குடிக்காத நீங்களே இருவரைக் கொண்டுபோய் விட முடிந்தால் இன்னும் நல்லது. நான் பலமுறை செய்திருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு மேசையைத் துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். எந்த வகை முழுதாகக் காலியாகியிருக்கிறது, எது அரைக் கிளாஸில் நிற்கிறது? இரண்டு பெயரையும் குறித்து வையுங்கள். திறக்காத பாட்டில்களைத் துடைத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் நிறுத்துங்கள், சில வாரங்கள் அப்படியே இருக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்தக் குறிப்பில் காலியான வகையின் பெயரைச் சொல்லி, தேதியை மட்டும் பார்த்து எடுத்து வாருங்கள்.